பிடில் மங்கம்மாவின் வலது கால்

நாடகக் கம்பெனிப் பிடில்காரர் ராமசுப்புவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அது ஆர்மோனியம். நாடக மேடைக்கு முன்னால் பிடில்காரன் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த காலம் போய், ஆர்மோனியப் பெட்டி வந்து நடுவில் இடம் பிடித்துக்கொண்டு பிடிலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. "காத்தடிக்கிற பெட்டிக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று கடைசிவரை கறுவிக்கொண்டிருந்தார். மகள் மங்கம்மாவின் கையில் அவர் வில்லைக் கொடுத்ததில்கூட பாசம் பாதி, அந்த வன்மம் பாதி.

வெள்ளைக்காரன் நின்றபடி மோவாய்க்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வாசித்த கருவி பிடில். அது நம்மவர்கள் கைக்கு வந்ததும், முதல் வேலையாக அதைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடிப்பக்கத்தை மார்பில் சாய்த்து, சுருண்டிருக்கும் அதன் தலையை வலது கணுக்காலில் ஊன்றிக்கொண்டால், இடது கை தாங்குகிற கவலை இல்லாமல் தந்தியின்மேல் வழுக்கி ஓடலாம். கமகத்துக்கு அதுதான் தோது. ஆக நம் ஊரில் பிடிலின் தலை, வாசிக்கிறவர் காலில்தான் இருக்கும். மங்கம்மாவின் வாழ்க்கையில் நல்லதும் கெட்டதும் அந்தக் காலடியில்தான் நடந்தன.

நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. ராயபுரத்தில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனி முதலாளி, ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார். படுத்த படுக்கையாக இருந்த ராமசுப்புவும் மகளும் நடுத்தெருவில் நின்றார்கள். தன் படகுக் கொட்டகையில் அவர்களுக்கு ஒதுங்க இடம் கொடுத்தவன் எத்திராஜ்.

எத்திராஜ் துறைமுகத்துச் சரக்குப் படகுகளுக்கு ஒழுக்கு அடைக்கிறவன். பலகை இடுக்குகளில் நாரைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அதன்மேல் பூசுவான். அவன் பூசிய படகு ஒழுகிற்று என்று யாரும் சொன்னதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ராமசுப்பு கண்ணை மூடியபின் அவன் மங்கம்மாவைக் கட்டிக்கொண்டான். "கூத்தாடிப் பொண்ணா கெடச்சுது இவனுக்கு?" என்று குப்பம் கொஞ்சநாள் பேசியது. பிறகு பேச வேறு விஷயம் கிடைத்தது.

யுத்தம் சூடு பிடித்ததும் படகுக்காரர்களையெல்லாம் கப்பல் வேலைக்கு இழுத்தார்கள். இரும்புக் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, சுத்தியலால் துருவைத் தட்டி உதிர்க்கிற வேலை எத்திராஜுக்கு. உள்ளே ஒரு அடி அடித்தால் ஒன்பது அடியாகத் திரும்பி வரும். யுத்தம் முடிந்தபோது ஊரில் எல்லோருக்கும் அமைதி கிடைத்தது. எத்திராஜுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே கிடைத்துவிட்டது. இரண்டு காதும் சுத்தமாகப் போயிற்று.

வாயசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வான். ஆனால் ஆள் ஒடுங்கிப்போனான். ஒரு சாயங்காலம் மங்கம்மா வாசித்துக்கொண்டிருந்தபோது, அவள் காலடியில் சுருண்டு படுத்திருந்தவன் புரண்டான். தாடை பிடிலின் தலையில் இடித்தது. தூக்கிவாரிப் போட்டதுபோல் எழுந்தான்.

"இன்னாம்மே இது! கேக்குது! மண்டைக்குள்ள கேக்குது!"

மங்கம்மா வாசித்தாள். அவன் தாடையை அழுத்திக்கொண்டு அழுதான். அதிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் அவள் காலடியில் வந்து படுத்துவிடுவான். கடல், மழை, பெண்டாட்டியின் குரல் எதுவும் அவனுக்குக் கிடையாது. இந்த உலகத்தில் அவனுக்கு மிச்சமிருந்த ஒரே சத்தம் அந்தப் பிடில்.

பக்கத்து வீட்டு மீன்காரி கன்னியம்மாவுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. "பொண்டாட்டி கால்ல வுய்ந்து கெடக்குதே, இதுவும் ஒரு ஆம்பளையா?" என்று கூடையை இறக்கும்போதெல்லாம் கேட்பாள். காது கேட்காதவனுக்கு அது எங்கே கேட்கப்போகிறது!

அடுத்த ஐப்பசியில் மழையும் கடலும் சேர்ந்து குப்பத்துக்குள் புகுந்தன. பிடிலை ஒட்டியிருந்த வஜ்ஜிரப் பசை தண்ணீரில் கரைந்து, மேல்பலகை வேறு கீழ்ப்பலகை வேறாக மிதந்தது. வெள்ளம் வடிந்த கையோடு மங்கம்மா விஷ ஜுரத்தில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்தவள் வாய் ஓயாமல் பிடில், பிடில் என்று முனகியதை அவள் உதட்டிலிருந்து படித்துக்கொண்டு எத்திராஜ் வீடு திரும்பினான். அவள் வருவதற்குள் அதைச் சரிசெய்து வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தான்.

"தண்ணில கரையற பசையப் போட்டு ஒட்டிக்கீறான் பாரு கய்தே" என்று பிடில் செய்தவனைத் திட்டினான். இனி எந்த வெள்ளத்துக்கும் அது அசையக்கூடாது. படகுக்கு வைப்பதுபோல் உள்ளே குறுக்குச் சட்டங்கள் வளைத்து வைத்தான். உள்ளும் புறமும் குங்கிலியம் காய்ச்சிப் பூசினான். உள்ளே எதிலும் ஒட்டாமல் கிடந்த சின்னக் குச்சி ஒன்றை, வெள்ளத்தில் வந்த குப்பை என்று அடுப்பில் போட்டான். இரண்டு பலகைக்கும் நடுவில் அந்தக் குச்சி நின்றால்தான் பிடிலுக்குக் குரல் என்பது பாவம் அவனுக்கு எப்படித் தெரியும்? தன் உயிரையே வைத்துத்தான் அவன் அந்த வேலையைச் செய்தான்.

மங்கம்மா எலும்பும் தோலுமாக வீடு வந்தாள். பளபளவென்று மின்னிக்கொண்டிருந்த பிடிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றினாள். அவன் ஓடிவந்து தாடையை வைத்தான். வில்லை இழுத்தாள். தகரத்தை நகத்தால் கீறுவதுபோல் ஒரு ஓசை, அவ்வளவுதான். அப்பாவின் பிடில் செத்துப்போயிருந்தது.

கண்ணில் நீர் முட்டியது. ஆனால் கீழே அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"நல்லா கீதாம்மே?" என்றான்.

தலையை ஆட்டினாள். உனக்கு எப்படி என்று சைகையில் கேட்டாள்.

"முன்ன மாரியே கேக்குது. வாசி, வாசி."

நமக்குப் போனாலும் அவனுக்காவது கேட்கிறதே என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுநாளும் வாசித்தாள். அப்புறம் தினமும் வாசித்தாள். அதுவரை அவளை வாசிக்க அழைத்த திருவொற்றியூர் பஜனைக்காரர்கள் ஒரு தடவை கேட்டுவிட்டு, அப்புறம் கூப்பிடவில்லை. அவள் சங்கீதம் அந்தத் தகர ஓசையோடு வீட்டுக்குள் முடங்கியது.

ஒருநாள் அவனுக்குத் தெரியாமல் வண்ணாரப்பேட்டையில் வாத்தியம் பழுதுபார்க்கும் ஜாபரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் தட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, உன் வூட்டுக்காரர் இத்தப் படகா பண்ணிக்கீறாரே! கட்டையெல்லாம் எட்த்துட்டு, குச்சி ஒண்ணு வெச்சா பழையபடி பேசும். குட்த்துட்டுப் போ."

"வாணாம் பாய். பிரிச்சா அதுக்குத் தெரிஞ்சி பூடும். தன் கையால கெடுத்துட்டோம்னு உசிர வுட்டுடும். அதுக்குக் கேக்குதுல்ல, போதும்."

அவர் எவ்வளவோ சொல்லியும் அவள் கேட்கவில்லை. கேட்கிற நமக்குத்தான் ஆத்திரம் வருகிறது. ஒரே ஒரு வார்த்தை போதும். பாழாய்ப்போன பிரியம் அதைச் சொல்ல விடவில்லை.

வருஷங்கள் ஓடின. கப்பல் துரு எத்திராஜின் நெஞ்சில் தங்கி வேலையைக் காட்டியது. ஐம்பத்தைந்து வாக்கில் அவன் பாயோடு பாயாகிவிட்டான். அப்போதும் விளக்கு வைத்ததும் பிடிலைக் கைகாட்டுவான். அப்படி ஒரு சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தவளின் காதில் அவன் மூச்சு இழுக்கும் சத்தம் விழுந்தது. வில்லை நிறுத்திவிட்டாள்.

எத்திராஜ் கண்ணை மூடியபடி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். "ஆங்... நல்லா கீது" என்றான்.

வில்தான் நின்றுவிட்டதே! மங்கம்மா குனிந்து பார்த்தாள். அவன் தாடை பிடிலின்மேல் இல்லை. அவள் பாதத்தின்மேல் இருந்தது. அவன் தோளைப் பிடித்து உலுக்கி, வில்லைத் தூக்கிக் காட்டினாள். அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அதுல ஒண்ணியும் வரல மங்கா. நீ ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே வரல. உனுக்கு நல்லா கேக்குதுன்னு சொன்னியா, எனுக்குக் கேக்கலைன்னா நீ வாசிக்கறத வுட்டுடுவியேன்னு சும்மா இருந்துட்டேன்."

"எனுக்கும் நல்லா கேக்கலைய்யா!" என்று அவள் மார்பில் அறைந்துகொண்டு கத்தினாள். ஜாபரிடம் போனதையும் அவர் சொன்னதையும் கொட்டித் தீர்த்தாள். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மெதுவாகப் புரிந்தது. சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"ஜாபர் பாய் கைல குட்த்துப் பிரிக்கச் சொல்லு. ஒரு தபா கேட்டுட்டுப் பூடறேன்."

ஜாபர் எல்லா வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஆனால் எத்திராஜ் பூசியது லேசில் விடுமா? சூடு காட்டினால் பலகை வெடித்துவிடும். அழுத்தி நெம்பினால் பிளந்துவிடும். நூல் நூலாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. மங்கம்மா தினமும் வண்ணாரப்பேட்டைக்கு நடந்தாள். எத்திராஜ் தினமும் வாசலைப் பார்த்தான். அவள் வெறுங்கையோடு வருவதைக் கண்டு, "வுடுமா? யார் பூசினது!" என்பான். அதில் அந்தப் பழைய கர்வமும் இருந்தது, பயமும் இருந்தது.

மேல்பலகை திறந்துகொண்ட அன்று எத்திராஜ் போய்விட்டான்.

காரியம் முடிந்தபிறகு ஜாபரே பிடிலை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். மங்கம்மா அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி வில்லை இழுத்தாள். குப்பம் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றது. கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு நல்ல குரல் அது. மங்கம்மா மட்டும் தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஜனைக்காரர்கள் மறுபடியும் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கே வாசிக்கப் போனாலும் எத்திராஜின் பழைய துண்டு ஒன்றை மடித்து வலது காலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வாள். அங்கே யாரையும் அண்டவிட மாட்டாள். தலைக்கனம் பிடித்தவள் என்று பேர் வாங்கினாள். ஒருநாள் திருவொற்றியூரில், விவரம் தெரியாத ஒரு பெண் கூட்டத்தில் இடமில்லாமல் அந்தத் துண்டின்மேல் உட்காரப் போனாள். மங்கம்மா பாட்டின் நடுவில் வில்லை நிறுத்தினாள்.

"அங்க ஆளு கீது. கொஞ்சம் தள்ளிக் குந்தும்மா" என்றாள்.