திருப்பிப் போட்டால் காணும்

என்னோடு கந்தோரில் வேலை செய்த நண்பர் டென்னிஸில் ஒரு பந்தையும் ஓங்கி அடிக்க மாட்டார். நான் எவ்வளவு வேகமாக அடித்தாலும் உயரத் தூக்கிக் கடைசிக் கோட்டருகே விழுத்துவார். பொறுமை கெட்டு நான் வலைக்குள் அடிப்பேன்.

"ஏன் அடிக்கிறீர்? திருப்பிப் போட்டால் காணும்" என்பார். அதுவே போதுமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றும் தோற்றுவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். எங்கே போய் வருகிறோம் என்று கேட்ட ஆமிக்காரனுக்கு, "டென்னிஸ் விளையாட, சேர்" என்று நண்பர் பணிவாகச் சொன்னார். நானோ, சிங்களம் நன்றாக வரும் என்ற திமிரில், "டென்னிஸ் மட்டையைப் பார்த்தால் தெரியவில்லையா?" என்று கேட்டேன்.

ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். பைகளைக் கொட்டி, பந்துகளையும் வெட்டிப் பார்த்தார்கள்.

வெட்டிய பந்துகளைப் பொறுக்கியபடி நண்பர் சொன்னார்: "உமக்கு எத்தினை தரம் சொன்னனான்."