காத்தைப் போய்க் கேளுங்க

நேற்று எங்கள் முடிச்சூர் ஃப்ளாட்டில் ஏ.சி. மாட்ட ஒருவர் வந்தார். கை எட்டும் உயரத்தில் வைத்தால் துடைக்கச் சுலபமாயிற்றே என்றேன். "இன்னா மேடம், ஜில்லு காத்து கீழதான எறங்கும். சூடுதான் மேல ஏறும். ஒசரத்துல மாட்னாதான் ரூம் பூரா சுத்தும்" என்றார். எனக்கேவா பாடம் என்று நினைத்துக்கொண்டேன். சூடு மேலே ஏறும், அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று ஓடி வரும் என்கிற இந்த ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு மனிதரைப் பழி வாங்கியிருக்கிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது.

அறுபதுகளின் கடைசி. கிழக்குத் தாம்பரத்தில் ஓட்டு வீடு. அம்மாவும் நானும் மட்டும். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. அப்போது அந்தப் பக்கமெல்லாம் செம்மண்ணும் சரளைக்கல்லும்தான். பதினோரு மணிக்கே தரை கொதிக்க ஆரம்பித்துவிடும். கல்குவாரிக் குன்றுக்கு மேலே பருந்துகள் இறக்கையை அசைக்காமலே வட்டமடித்து ஏறும். தரையிலிருந்து எழும் சூட்டுக் காற்றே அவற்றைத் தூக்கிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் நீளும்போது ஜன்னல் வழியே நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

சாயங்காலம் பனைமட்டைகள் சலசலக்கும். முதலில் பள்ளிக்கரணைச் சதுப்பின் சேற்று வாசனை வரும். பின்னாலேயே கடல்காற்று. மின்சார ரயிலில் வீடு திரும்பும்போது இடதுபக்க ஜன்னலுக்கு அடிதடியே நடக்கும். நானும் ஒருத்தியை முழங்கையால் இடித்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இழுப்பு. பகல் முழுக்க அந்தப் புழுக்கத்தில் மூச்சுக்குத் திண்டாடுவாள். கடல்காற்று வந்ததும் வாசலில் ஈஸிசேரைப் போட்டு உட்கார்ந்தால்தான் அவளுக்கு உயிர் வரும். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்த நல்ல நேரம் அந்த இரண்டு மணி நேரம்தான்.

எங்களுக்குக் கிழக்கே மாடி வீடு. ரிட்டையர்டு அதிகாரி ராஜமாணிக்கம் சாருடையது. தோட்டத்துச் சருகு, தேங்காய் மட்டை, கிழிந்த சைக்கிள் டியூப் எல்லாவற்றையும் குவித்து, சரியாகக் கடல்காற்று எழும் நேரத்தில், எங்கள் பக்கத்துச் சுவரோரமாகக் கொளுத்துவார். அவர் வீட்டுக்குள் ஒரு இழை புகை போகாது. அத்தனையும் எங்கள் வாசலுக்கு. அம்மா ஈஸிசேரை விட்டு எழுந்து உள்ளே போய், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி மூச்சை இழுப்பாள். வாசல் கேட்டைத் திறக்கும்போதே அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும்.

ஒருநாள் அம்மாவே சுவரோரம் போய்க் கேட்டாள். "சார், காலையில எரிச்சீங்கன்னா எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும்."

"நெருப்பு என் காம்பவுண்டுலதாம்மா எரியுது. காத்து கடல்லேருந்து வருது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? காத்தைப் போய்க் கேளுங்க."

அம்மா திரும்பி வந்து, "விடுடி, பெரியவர், மன்னிச்சிடுவோம்" என்றாள். மன்னிப்பெல்லாம் அம்மாவின் இலாகா. நானோ, 'அந்த ஆளை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை' என்று கறுவிக்கொண்டேன்.

வழியைக் காட்டியது வெந்நீர் அடுப்பு. மார்கழியில் ஒரு விடியற்காலை, பின்கட்டில் அடுப்பு மூட்டிவிட்டுப் பல் துலக்கிக்கொண்டு நிற்கிறேன்; புகை மெல்லத் தரையோடு நகர்ந்து கிழக்கே, அவர் வீட்டுப் பக்கம் போகிறது. பள்ளிக்கூடத்தில் நிலக்காற்று, கடற்காற்று என்று இரண்டு அம்பு வரைந்து முழு மார்க் வாங்கியவள் நான். அம்பு நிஜத்திலும் பாயும் என்று தெரியாமலே பாஸாகியிருக்கிறேன். இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடுகிறது, கடல் ஆறுவதில்லை. அதனால் சூடான காற்று அங்கே மேலே ஏற, நம் பக்கத்துக் குளிர்ந்த காற்று கடலைப் பார்த்துப் போகிறது. ராஜமாணிக்கம் சார் தப்புக்கணக்குப் போட்டது இங்கேதான். காற்றுக்கு ஒரே திசைதான் என்று நம்பிவிட்டார்.

அந்த விடியற்காலை நேரத்தில் அவர் என்ன செய்வார் தெரியுமா? எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஜமக்காளம் விரித்து, சம்மணமிட்டு, மூச்சுப் பயிற்சி. உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் எங்கள் பின்கட்டு வரை கேட்கும்.

போகி வந்தது. சர்ச்சுக்குப் போகும் வேதக்கார வீட்டில் போகி ஏது? அந்த வருஷம் இருந்தது. பழைய பாய், ஈரக் கோணி, பாதி காய்ந்த வேப்பந்தழை எல்லாவற்றையும் சுவரோரம் குவித்துக் கொளுத்தினேன். பனிக்குளிரில் புகை மேலே ஏறவே இல்லை. சுவரைத் தாண்டி அப்படியே அந்தப் பக்கம் இறங்கியது. பெரிதாக ஒரு மூச்சு உள்ளே போகும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரே இருமல்.

சுவருக்கு மேலே முகம் வந்தது. கண்ணெல்லாம் சிவப்பு. "ஏம்மா, நீங்கல்லாம் போகி கொண்டாடுவீங்களா?"

"நெருப்பு எங்க காம்பவுண்டுலதான் சார் எரியுது. காத்தைப் போய்க் கேளுங்க."

அன்று சாயங்காலமும் அவர் கொளுத்தினார். எங்கள் வீட்டில் போகி தை மாதத்திலும் தொடர்ந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அம்மா பின்கட்டுக்கு வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கையில் நனைந்த கயிற்றுக் கால்மிதி. "இதுவும் பழசுதான்டி" என்று நெருப்பில் போட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரமே ராஜமாணிக்கம் சார் தோட்டத்தின் கிழக்கு மூலையில் குழி வெட்டிக் குப்பையைப் புதைக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு எங்களோடு பேசவில்லை. போகட்டும். அம்மா கடைசிவரை சாயங்காலங்களில் வாசலில் உட்கார்ந்து நிம்மதியாக மூச்சு விட்டாள். எனக்கு இன்றுவரை துளி வருத்தம் கிடையாது.

இப்போது அந்தச் சுவர் இல்லை, பனைமரம் இல்லை, குன்றில் பாதி இல்லை. சதுப்பில் மண்ணைக் கொட்டிக் கட்டடங்கள் எழுப்பிவிட்டார்கள். நேற்று பழக்கதோஷத்தில் ஏ.சி. மாட்ட வந்தவரிடம், "வெளிப்பெட்டியைக் காத்து வர்ற பக்கம் பார்த்து வைங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். "காத்தா? அது வந்தா எங்கள எதுக்கு மேடம் கூப்புட்றீங்க?"

சுர்ரென்று ஏறியது கோபம். அந்தப் பழைய கோபமேதான். பால்கனிக்குப் போய்க் கிழக்கே பார்த்தேன். கடல்காற்றை மறித்துக்கொண்டு வரிசையாக அடுக்குமாடிகள், எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. ராஜமாணிக்கம் சாருக்காவது ஒரு முகம் இருந்தது, சுவருக்கு மேலே வந்து இருமியது. இவர்களில் யாரை என்று நான் கேட்பது? காற்றைப் போய்க் கேட்கலாம் என்றால், அதுவும் இல்லை.