ஆறாவது மூலை

நிலத்தை எண்ணாக்கி, அந்த எண்ணை மறுபடி நிலமாக்குவது எங்கள் தொழில். நடுவில் ஒரு ஆபீஸ் இருப்பதால் போன நிலமே திரும்பி வரும் என்று சொல்வதற்கில்லை.

நீங்களும் ஏதாவது ஆபீஸில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தோ, முன்னால் நின்றோ நொந்தவராக இருந்தால் இதில் புதிதாக ஒன்றும் இராது. எழுபதுகளில், சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கும் ரிசர்வ் வனத்துக்கும் எல்லை பிரிக்க உத்தரவு வந்தது. ஒவ்வொரு தோட்டத்தின் மூலையும் ஆதாரக் கல்லிலிருந்து கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று அளப்போம். அந்த எண்களைக் கார்டில் ஓட்டையாகக் குத்தித் திருவனந்தபுரத்துக்கு அனுப்புவோம். அங்கே கம்ப்யூட்டரில் புள்ளிவிவர புரோகிராம் ஒன்று அதை வரைபடமாக அச்சடிக்கும். தோட்டமாக விழுந்தால் பட்டயம், நம்மூர் பட்டா. விழாவிட்டால் வனம், இருப்பவர் இறங்கிப் போகவேண்டும்.

ஈ இருந்த இடம்

முதல் தாள் வந்த அன்று சுடலைமுத்து வந்திருந்தார். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டுச் சரிவில் ஏலம் வைத்தவர். வரைபடம் வரும்வரை காய் பறிக்கக் கூடாது என்று அவருக்குத் தடை. காயோ முற்றிக்கொண்டிருந்தது.

தாள் முழுக்கப் புள்ளிகள். எந்தப் புள்ளி எதனோடு சேரும் என்று மெஷினுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் ஆபீசர் அதைச் சுவரில் மாட்டச் சொன்னார். சுடலைமுத்து மூக்கு தாளில் படும்படி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இதுல எது என் தோட்டம், எது ஈ இருந்த இடம்?"

ஜன்னல் கண்ணாடி

அடுத்த தாளில் கோடுகள் இருந்தன. ஆனால் குத்தியவர்கள் கிழக்கு இருக்கவேண்டிய இடத்தில் வடக்கைக் குத்திவிட்டார்கள். கிழக்கே கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு வடக்கே போய் உட்கார்ந்திருந்தது. "தாளைத் திருப்பிப் பிடிங்கோ வேலுச்சாமி" என்றார் ஆபீசர். நாலு பக்கமும் திருப்பினேன். சேரவில்லை.

கடைசியில் தாளின் முதுகை என் பக்கம் வைத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துத் திருப்பினேன். வெளிச்சத்தில் மலையெல்லாம் அதனதன் இடத்தில் தெரிந்தது. எழுத்துகள்தான் இடவலம் மாறிப் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. குத்தியதைத் திருத்தி அனுப்பவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆபீசர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்போ பின்பக்கத்துல சீல் வெச்சாப் போதுமே."

ரேஷன் கார்டு

ஒரு தோட்டத்தின் முதல் மூலையைக் கடைசியிலும் ஒருமுறை சொல்லவேண்டும். அப்போதுதான் கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து மூடும். மூடாததை மெஷின் நிலமாக எடுத்துக்கொள்ளாது. திருத்திக் குத்தியதை மறுபடி அனுப்பும் முன் ஆபீசர் கார்டுக் கட்டுகளைப் பரிசோதித்தார். எல்லாவற்றிலும் ஒரு மூலை இரண்டு தடவை வருவதைக் கண்டுபிடித்து, அந்தக் கார்டுகளை உருவித் தனியே ரப்பர் பேண்ட் போட்டார்.

"எடுத்தா கோடு மூடாதுங்க சார்" என்றேன்.

"ரேஷன் கார்டுல ஒரே ஆள் பேரை ரெண்டு தரம் எழுதுவாங்களோ?"

புது எண்

நான் சொன்னதுதான் நடந்தது. சரிவு முழுக்க வெள்ளையாக வந்தது. தாளின் அடியில் குறிப்பு: வெள்ளை என்றால் வனம். வனக்காவலர்கள் போய் சுடலைமுத்துவின் வேலியோரத்து மரங்களில் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தார்கள். நான் விவரமாக ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். "இரட்டிப்பு அனுமதிக்கப்படாது" என்று ஆபீசர் அதன் மேலேயே எழுதித் திருப்பினார்.

வேறு வழி தெரியாமல், சுடலைமுத்துவின் ஐந்து மூலைத் தோட்டத்துக்கு ஆறாவது மூலை ஒன்று கொடுத்தேன். இடம் முதல் மூலையின் இடமேதான். மூலை எண் மட்டும் புதிது. மற்றத் தோட்டங்களுக்கும் இப்படியே. இல்லாத மூலையை இருக்கிறது என்று எழுதினால்தான் இருக்கிற நிலம் தெரியும் என்றால், நான் எழுதியது பொய்யா? இன்னும் எனக்குத் தெளியவில்லை. ஆபீசருக்குச் சந்தேகமே வரவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இப்படி ஒரு மூலை இருக்குன்னு முன்னாலயே சொல்லியிருக்கலாமே."

காய்

புதுத் தாளில் எல்லாத் தோட்டமும் மூடி வந்தது. நானே எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினேன். காய்கள் பழுத்து வெடித்துக் கிடந்தன. மிச்சத்தை எலியும் அணிலும் பார்த்துக்கொண்டன. கம்பம்மெட்டில் ஏலக்காய் வாங்கும் எந்த வியாபாரியும் இனி அதைக் கையில் வாங்கமாட்டார்.

"உங்க தோட்டம் வந்துருச்சுங்க" என்று தாளை விரித்தேன்.

"எங்க போயிருந்துச்சு?" என்றார் சுடலைமுத்து.

விரலால் கோட்டைச் சுற்றிக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை.

"நான் இங்கனயேதான் நிக்கேன் சார். காய்தான் போயிட்டு."

இந்த விவகாரத்தில், ஒரே விஷயத்தை இரண்டாம் தடவை சொன்னபோது புரிந்துகொண்டது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான்.