நடக்க ஒரு துணை

இங்கே வீட்டுக்குள் இருக்கிறவர்கள்தான் வாசலைப் பூட்டிக்கொள்கிறார்கள். கல்யாணமாகி மலேசியாவில் இந்த அசாம் ஜாவா ஊருக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் போனது இதுதான். தெருவோரம் ஓர் இரும்பு கேட், அதற்கொரு பூட்டு. கார் நிற்கும் இடத்தைத் தாண்டினால் கதவுக்கு முன்னால் கம்பி கிரில், அதற்கும் பூட்டு. பின்பக்கம் சமையலறை வாசலிலும் அப்படியே. பார்க்க வருகிறவர்கள் காரைவிட்டு இறங்காமல் ஹாரன் அடிப்பார்கள். என் கணவர் குணா வேலைக்குக் கிளம்பும்போது சாவிக்கொத்தை என் கையில் கொடுத்து, "உள்ள பூட்டிக்க செல்வி. தொறந்து போடாத," என்பார். வெளியூர் போகும் நாளில் மட்டும் பூட்டைத் தேடுகிற மன்னார்குடி வீட்டில் வளர்ந்தவள் நான். பட்டப்பகலில் உள்ளே நின்றுகொண்டு பூட்டைத் திருகும்போதெல்லாம் யாரை வெளியே வைக்கிறேன், யாரை உள்ளே வைக்கிறேன் என்று குழம்பும்.

குணா லோரி ஓட்டுகிறார். வடக்கே சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டங்களில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றி ஆலையில் கொண்டுபோய்க் கொட்டும் வேலை. இருட்டோடு போய் இருட்டோடு வருவார். எனக்கு வேலை செய்ய இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. சமையல் முடிந்துவிடும், துணி காய்ந்துவிடும், பகல் மட்டும் முடியாது. முன்பகலில் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளங்கை சில்லென்று வியர்க்கும். உட்கார முடியாமல் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பேன். குணாவின் வண்டிச் சத்தம் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும். அதனாலேயே அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னபோது, "ரத்தக் கொதிப்பா இருக்கும் லா. போய்க் காட்டிட்டு வா," என்றார். இந்த ‘லா’ இங்கே எல்லோர் பேச்சிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

கோலா சிலாங்கூரில் ஒரு கிளினிக். என்னைப் பார்த்தது இளவயது மலாய் டாக்டர். அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நான்தான் கைப்பேசியில் கற்றுக்கொண்ட மலாயைக் காட்டும் ஆசையில் மலாயில் பதில் சொன்னேன். இதயத் துடிப்பு, ரத்தம், தைராய்டு எதிலும் கோளாறில்லை. அவர் தாளை மூடி வைத்துவிட்டு, "புவான் அடா கவான்?" என்று கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார் என நினைத்தேன். "டுவா தாஹுன்," இரண்டு வருஷமாச்சு, என்றேன். நல்லது என்று தலையாட்டியவர், அடிக்கடி வீட்டுக்கு வருவதுண்டா என்றார். "மாலாம் சஹாஜா," இரவில் மட்டும்தான், என்றேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கணினிப் பக்கம் திரும்பி வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் குணா கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "காவின்னாதான் கல்யாணம். கவான்னா கூட்டாளி. உனக்குக் கூட்டாளி இருக்காங்களான்னு கேட்டுருக்காரு. நீ ராத்திரி மட்டும் வருவாருன்னு சொல்லிட்டு வந்திருக்க!" நானும் சிரித்தேன். சிரிப்பு ஓய்ந்ததும் அவர் சோற்றைப் பிசைந்தபடி, "நெசமாவே இங்க உனக்கு யாரும் இல்லையா?" என்றார். "நான் இருக்கேன்ல," என்று அவரே சொல்லிக்கொண்டார். அவர் இருக்கும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்வதே இல்லையே, அதை எப்படிச் சொல்வது?

ஊரில் ஆள் இல்லாத பொழுதென்று ஒன்று கிடையாது. அப்பாவுக்குக் காலில் புண் வந்து படுத்தபோது தெருவே வீட்டுக்குள் இருந்தது. ஒருவர் கட்டு மாற்றினார், ஒருவர் கஞ்சி கொண்டுவந்தார். அவர் எழுந்து நடந்ததில் அவர்களுக்குப் பாதிப் பங்குண்டு. அதே தெருதான் என் அக்காவின் கல்யாணம் நின்றபோதும் உள்ளே வந்தது. ஏன் நின்றது, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக் கேட்டே அவளைச் சாப்பாட்டை வெறுக்க வைத்தது. எலும்பும் தோலுமாகப் போனவளைத் திருச்சியில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் உடம்பு தேறினாள். அப்பாவைத் தூக்கி நிறுத்திய கைகளும் அவளைச் சாய்த்த வாய்களும் ஒரே ஆட்களுடையவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளாமல் ஊருக்காக ஏங்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் லெட்சுமி அக்கா குடிவந்து ஒரு வருஷம் இருக்கும். அறுபதை நெருங்கியவர். மகன் கிள்ளானில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் வருவான். காலையில் துணி உலர்த்தும்போது, "பசியாறிட்டியா?" என்று கேட்பார். காலைச் சாப்பாட்டை இங்கே இப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கோ பந்திக்கு வந்த பரதேசியைக் கேட்பதுபோல் இருக்கும். "ஆச்சுக்கா," என்பேன். அத்தோடு பேச்சு முடியும். இருவரும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்வோம்.

ஒருநாள் மதியம் குப்பை போடப் பின்சந்துக்குப் போனேன். அக்கா தன் சமையலறை வாசலில், கிரிலுக்கு உள்ளே, தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "அன்னம்மா, மண்டோர் வந்துட்டாரா?" என்றார். என் பெயர் அன்னம்மா இல்லை. தோட்டத்துக் கங்காணியான மண்டோர் யாரும் இந்தத் தெருவுக்கு வருவதும் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கும்போது இதே வியர்வையையும் இதே உளறலையும் பார்த்திருக்கிறேன். ஓடிப்போய்ச் சீனியைக் கரைத்து எடுத்துவந்தேன். டம்ளர் கம்பிக்கிடையே நுழையவில்லை. "அக்கா, என்னப் பாருங்க. வாயத் தொறங்க!" என்று கத்திக்கொண்டே கரண்டியால் ஊட்டினேன். தோள்வரை கையை உள்ளே விட்டு, கன்னம் கம்பியில் அழுந்த, கொஞ்சம் கொஞ்சமாக. பாதி சிந்தியது. எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண் சத்தம் கேட்டு வந்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அது வந்து சேர்வதற்குள் அக்காவின் கண்ணில் தெளிவு வந்துவிட்டது. இடுப்பில் சொருகியிருந்த சாவியைத் தடவி எடுத்து என்னிடம் நீட்டி, "செல்விதான நீ? என்னமா அழுவுற?" என்றார்.

இனிப்பு நீர் என்று இங்கே சொல்லும் சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொண்டு அக்கா சாப்பிடாமல் இருந்திருக்கிறார். ஏனென்று மறுநாள் கேட்டேன். "ஒத்த ஆளுக்கு என்னத்த ஒலை வைக்கிறது? ஒரு நாளக்கி பிஸ்கட்டு, ஒரு நாளக்கி அதுவும் இல்ல," என்றார். அவர் வேலை பார்த்த தோட்டம் கைமாறி, தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்தபோது பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் இதுபோன்ற புதுக் குடியிருப்புகளுக்கு, ஆளுக்கொரு தாமானுக்குச் சிதறிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான அன்னம்மா பந்திங் என்ற ஊருக்குப் போய்விட்டாராம். "லயம் என்ன சொர்க்கமா? மழ பேஞ்சா ஒழுவும். சம்பள நாளானா சண்ட. ஆனா ராத்திரில இருமுனா செவத்துக்கு அந்தப் பக்கம் யாரு லெட்சுமியான்னு கேப்பாளுவ. இங்க கல்லு வீடு, நல்ல வீடுதான். இருமுனா எனக்கு மட்டும்தான் கேக்குது."

அன்றைக்கே தன் பின்கிரில் சாவியில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். நானும் ஒன்று கொடுத்தேன். மதியச் சாப்பாடு ஒன்றாகச் சாப்பிட ஆரம்பித்தோம். அக்காவின் மீன் சம்பல் எனக்குக் காரம். என் புளிக்குழம்பில் அவருக்கு உப்பு பத்தாது. வெயில் தாழ்ந்ததும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சாலையில் நடப்போம். முதலில் நாங்கள் இருவர். பிறகு அன்று ஆம்புலன்ஸுக்குப் போன் போட்ட எதிர்வீட்டு ரோஸ் அக்காவும் சேர்ந்துகொண்டார். பேச்சு முக்கால்வாசி புரியாமலே மூவரும் சிரிப்போம். நடக்கிறபோது நாய்க்கு, பாம்புக்கு, லோரிக்கு எல்லாம் பயம் வரும். நெஞ்சு அடித்துக்கொள்ளும் அந்தப் பயம் மட்டும் வராது.

அக்கா மருந்தை விடவில்லை. ஆனால் மாதாமாதம் ஏறிக்கொண்டே இருந்த சீனி அளவு ஓரிடத்தில் நின்றது. எனக்கு முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மழை விடாமல் பெய்து யாரும் வெளியே வராத நாள்களில் ஹாலுக்கும் சமையலறைக்கும் இன்னும் நடக்கிறேன்.

தம்பி கல்யாணத்துக்காக மன்னார்குடி வந்துதான் இதை எழுதுகிறேன். வீடு நிறைய ஆட்கள். உட்கார இடமில்லை, ஒரு நிமிஷம் தனியாக விடுவதில்லை. எதற்கு ஏங்கினேனோ அது சுற்றி இருக்கிறது. ஆனாலும் நாலு மணியானால் கால் நிலைகொள்வதில்லை. அங்கே அது ஆறரை, நடக்கிற நேரம். "வந்த பொண்ணு ஒரு இடத்துல உக்காரேன்டி," என்கிறார் அம்மா. நேற்று பொறுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வாய்க்கால் ரோட்டுக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். அவரும் நடந்துகொண்டிருந்தார். அவர் அங்கே, நான் இங்கே, பேசிக்கொண்டே நடந்தோம். ரோஸ் அக்கா வராதது, தெருமுனையில் புதிதாக வந்த நாய், மகனுக்குப் பார்த்த பெண். நடுவில் சடசடவென்று சத்தம் கேட்டது. "மழ புடிச்சிருச்சு! ஓடு செல்வி, ஓடு லா, நனஞ்சிடப் போற!" என்று பக்கத்தில் நான் இருப்பதுபோலவே கத்தினார் அக்கா.

நான் ஓடினேன். சுட்டெரிக்கும் வெயிலில், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன். எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் காலை ஊன்றி நிறுத்தி, "என்னம்மா, எங்க ஓடுற?" என்றார். எந்த வீட்டுக்கு என்று சொல்வது? காலடியில் புழுதி சுட்டது. காதில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.