கரியப்பனின் கன்னடப் பேய்

ஓசூரை அடுத்த பேரிகை ஊர்ப் பக்கம் ஒரு வதந்தி: ஓசூர் கம்பெனியில் ஷெட் கூட்டும் கரியப்பனுக்குள் கன்னடப் பேய் புகுந்துவிட்டதாம். கன்னடம் பேசினால் பேய் என்றால் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேருக்கு வேப்பிலை அடிக்க வேண்டியிருக்கும். எதற்கும் விசாரித்துவிடலாம் என்று அவர் வீட்டுக்கே போனேன்.

"கன்னடத்துக்கு யாருங்க பயந்தா?" என்றார் அவர் மனைவி மாதேஸ்வரி. "என்னைப் பார்த்து 'நீவு யாரு'ன்னு, அதான் 'நீங்க யாரு'ன்னு, மரியாதையா கேட்டாரு. கல்யாணமான நாள்லேருந்து 'ஏய்' தவிர வேற கேட்டதில்ல. அப்பத்தான் உள்ள இருக்கறது இவரில்லன்னு தெரிஞ்சுது."

அதற்கு முன்னால் வாரக்கணக்கில் மண்டையைப் பிளக்கும் வலி, வாந்தி, விட்டுவிட்டுக் காய்ச்சல். அதெல்லாம் நோய் என்பதற்கு யாருக்கும் சாட்சியாகப் போதவில்லை. பூசாரி வந்தார். பேய் இறங்கினால் கருஞ்சேவல் ஒன்று தருவதாக வாக்கு வாங்கிக்கொண்டு வேப்பிலை அடித்தார். கரியப்பனுக்கு வலிப்பு வந்தது. "பேய் கிளம்புது" என்றார் பூசாரி. மாதேஸ்வரி ஆட்டோவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்ததில் பேய் அகப்பட்டது: பூஞ்சை. ஷெட் கூரையில் குடியிருக்கும் புறாக்களின் காய்ந்த எச்சத்திலிருந்து வந்திருக்கும் என்றார் டாக்டர். கம்பெனி பாதுகாப்பில் கறார். எச்சம் கூட்டுகிறவருக்கு ஹெல்மெட் கொடுத்திருந்தது. பூஞ்சையோ தூசியோடு மூக்கில் நுழைந்து, நுரையீரலில் தங்கி, ரத்தத்தில் ஏறி, ஹெல்மெட்டுக்கு உள்பக்கமாகவே மூளைக்குப் போய், ஆளையும் பேச்சையும் குழப்பிவிட்டது. நல்ல உடம்பு அதை நுரையீரலிலேயே அடக்கியிருக்கும். இவர் மூட்டுவலிக்கென்று டாக்டர் சீட்டில்லாமல் வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையை மிட்டாய்போல் சாப்பிட்டவர். வலி போனது. உடம்பின் காவலும் கூடவே போனது.

நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒருநாள் கரியப்பன் கண் திறந்து, "ஏய், தண்ணி கொண்டா" என்றார். மாதேஸ்வரி அழுதே விட்டாராம். வீட்டுக்கு வந்த பிறகும் பார்வைதான் இன்னும் சரியாகவில்லை. எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிகிறது.

நான் இருக்கும்போதே வாசலில் பூசாரி. "ஏம்மா, அந்தச் சேவலு?"

"டாக்டரு பூஞ்சைன்னுட்டாரே, சாமி."

"பூஞ்சையோ பேயோ, உள்ள இருந்தது இறங்குச்சா இல்லியா?"

"இன்னும் மாத்திரை ஓடுது. நடுவுல நிறுத்தினா திரும்பி வருமாம். முழுசா இறங்கட்டும்."

கரியப்பன் வாசலில் மேய்ந்த சேவலை உற்றுப் பார்த்தார். "ஏய், அதான் ரெண்டு இருக்குல்ல? ஒண்ணக் குடுத்தனுப்பு."

மாதேஸ்வரி சேவல்மேல் கூடையைக் கவிழ்த்தார்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணா தெரியட்டும். அன்னிக்குக் குடுக்கலாம்."