அவர் இல்லாத நாளுக்கான ஒத்திகை

அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருட ஒப்பந்தத்தில் இந்த நாட்டுக்கு வந்தவர், தலை நரைக்கும்வரை தங்கிவிட்டார். காரணம் ஒரு தையல் கடை. யூனிஃபார்ம் பேண்ட்டில் ஜிப் போய்விட்டதென்று போனவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஜிப் மேல தப்பில்ல, தொப்பை மேலதான் தப்பு. இடுப்பைப் பிரிச்சு விடறேன்" என்று சொன்ன கடைக்காரிதான் பிறகு அவர் மனைவியானாள். முதல் கணவர் இறந்துபோயிருந்தார். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் இருந்தாள். அந்தப் பெண் அவரை அங்கிள் என்று கூப்பிட்டாள். கல்யாணம் ஆன பிறகும் அங்கிள்தான். மாற்றிக் கூப்பிடச் சொல்லி அவரும் கேட்டதில்லை.

வெளிநாட்டுக்காரர் இங்கே நிலம் வாங்க முடியாது. அதனால் வீடு மனைவி பெயரில் பதிவானது. பணம் பெரும்பாலும் அவருடையது, கையெழுத்து அவளுடையது. அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. கீழே அவளுடைய கடை, மேலே இரண்டு அறைகள், பின்னால் துணி காயப்போடுகிற அளவுக்கு ஒரு முற்றம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவருடைய நாட்டிலிருந்து வந்து கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் ஒருநாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அவருக்கும் இந்த ஊர்ப் பெண்தான் மனைவி. பேங்க் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்ததால் செய்தி தெரிந்ததும் முடக்கிவிட்டார்கள். சொந்த நாட்டில் கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய உயில் ஒன்று கிடந்தது. அதில் எல்லாம் அண்ணனுக்கு. அடக்கச் செலவுக்கு அந்த அம்மா தெருவில் கடன் கேட்டதை மெக்கானிக் தன் கண்ணால் பார்த்தார். அதே வருடம் அவருக்கே லேசாக ஒரு மாரடைப்பு வந்தது.

அன்று பயம் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அவருக்கு ஒரே வேலை, சாவதற்குத் தயாராவது.

வேலையில் அவர் அப்படித்தான். கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்தே சம்பாதித்தவர். இரண்டு நாட்டுக்கும் தனித்தனி உயில் எழுதினார். பின்னால் எழுதுவது முன்னால் எழுதியதை ரத்து செய்துவிடாதபடி வக்கீலிடம் சொல்லி ஒவ்வொன்றிலும் ஒரு வரி சேர்த்தார். உள்ளூர்க் கணக்கை இருவர் பெயருக்கும் மாற்றினார். சொந்த நாட்டுக் கணக்கில் மனைவியை நாமினியாக்கினார். வக்கீல் அம்மாள் கடைசிப் பக்கத்தைத் திருப்பியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சொன்னாள்: "நானும் ஒண்ணு எழுதி வச்சிடறேனே. வீடு என் பேர்லதானே இருக்கு."

அவர் சிரித்தார். "என்னைவிட எவ்வளவு சின்னவ நீ. உனக்கெதுக்கு இப்ப?"

"லாரிக்காரன் வயசு கேட்டுட்டா மோதறான்?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல என்னுதை முடிப்போம்."

வக்கீல் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உயிலோடு நிற்கவில்லை. மனைவிக்குப் பயிற்சி வேண்டும் என்று முடிவு செய்தார். காலையில் காபியை ஆற்றிக்கொண்டே ஆரம்பிப்பார்.

"இப்ப நான் செத்துட்டேன். முதல்ல என்ன செய்வே?"

"அழுவேன்."

"சரி, அழுதாச்சு. அப்புறம்?"

"மூக்கைச் சிந்துவேன்."

"விளையாடாதே. இறப்புச் சான்றிதழ் எத்தனை காப்பி வாங்கணும்?"

"ஒரு மனுஷன் ஒரு தடவைதானே சாவான், எதுக்கு அத்தனை காப்பி?" என்பாள். ஆனாலும் கடைசியில் சரியான பதிலைச் சொல்லிவிடுவாள். அவருக்குப் பெருமையாக இருக்கும். தன் மனைவிமேல் இவ்வளவு அக்கறையுள்ள ஆள் இந்தத் தெருவில் யாருமில்லை என்றுகூட நினைத்துக்கொள்வார்.

ஒருநாள் நிஜமாகவே பேங்குக்குக் கூட்டிப்போனார். அவள் தனியாகக் கவுண்ட்டருக்குப் போய்ப் பணம் எடுக்க வேண்டும், அவர் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார். அதுதான் ஏற்பாடு. கிளம்பும்போதே, அடிவயிறு பிடித்து இழுக்கிறது, இன்னொரு நாள் போகலாமே என்றாள். உட்கார்ந்து தைக்கிற வலிதான், ஒரு மெத்தை போட்டுக்கொள் என்று அவர் சொல்லிவிட்டார். கவுண்ட்டரில் அவள் போட்ட கையெழுத்து பேங்கில் இருந்த மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. இரண்டாவது தடவையும் கோணியது. அவள் ஒரு கையால் கவுண்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நின்றாள். வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு கையெழுத்தை ஒழுங்காப் போட முடியல. நாளைக்கு நான் இல்லாதப்ப என்ன பண்ணப் போறே?"

அவள் இன்னொரு தாளை வாங்கிக்கொண்டாள். மூன்றாவது தாளில் மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, சரியாகப் போட்டாள். பல்லைக் கடித்தது தன் மேலுள்ள கோபத்தால் என்று அவர் நினைத்தார்.

அடுத்த மாதம் கடையிலேயே மயங்கி விழுந்தாள். ஸ்கேன் பார்த்த டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவருடைய இதயத்துக்காக மாதாமாதம் வந்துபோன அதே ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறாள். இரண்டு கதவு தள்ளிப் போயிருந்தால் போதும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள்தான் அவரைத் தேற்றினாள். "உங்க உயிலெல்லாம் வேஸ்ட்டாப் போச்சே" என்று சிரிக்கப் பார்த்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை. பேங்க் விஷயத்தை எடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் போவார். போனதும் தண்ணீர் வேண்டுமா, தலையணையை உயர்த்தவா என்று கேட்டுக்கொண்டே நேரத்தைக் கடத்திவிடுவார். கேட்கவே இல்லை. அவள் போய்விட்டாள்.

வக்கீல் அம்மாள் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். மனைவி உயில் எழுதவில்லை. ஆகவே வீட்டில் பாதி கணவருக்கு, பாதி மகளுக்கு. வெளிநாட்டுக்காரர் நிலம் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் அவர் தன் பாதியை ஒரு வருடத்துக்குள் விற்றாக வேண்டும்.

"மகளுக்கு வாங்கிக்க வசதி இல்லேன்னா வீட்டையே விக்க வேண்டியிருக்கும். ஒரு உயில் இருந்திருந்தா வீடு அவங்களுக்கு, ஆயுசு முழுக்கத் தங்கற உரிமை உங்களுக்குன்னு ஒரு பக்கத்துல முடிஞ்சிருக்கும்."

"அவ எழுதறேன்னுதான் சொன்னா. நான்தான் தடுத்தேன்."

"தெரியும் சார். இங்கதானே சொன்னாங்க" என்று வக்கீல் மேஜையைப் பார்த்தார். "அன்னைக்கு நானாவது விடாம சொல்லியிருக்கணும்."

தன் பாதியை மகளுக்கே விட்டுக்கொடுத்துவிடுவது என்று அங்கேயே தீர்மானித்தார். அதைச் சொன்னால் மனசு கொஞ்சம் லேசாகும் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மகள் இப்போது ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள். டிரிப் முடித்து நேராக அம்மாவின் கடைக்கு வந்திருந்தாள். தைக்கக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து துணியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எது யாருடையது என்று அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தான் போன பிறகு அவள் செய்ய வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்ய வைத்தவர், அவள் கடையில் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. மகள் துணியை எடுத்து எடுத்துக் காட்ட, வந்தவர்களே அடையாளம் சொல்லி வாங்கிப் போனார்கள்.

கூட்டம் குறைந்ததும் சொன்னார். "வீட்ல என் பங்கு வேண்டாம்மா. உன் பேருக்கே எழுதிடறேன். நான் எங்கயாவது ஒரு ரூம் பாத்துக்கறேன்."

மகள் கையிலிருந்த பாவாடையை மடித்து முடித்தாள். "எழுதிக் கொடுத்துட்டா சரியாப் போயிடுமா அங்கிள்?"

"எது?"

"மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போனீங்க. கூடவே வந்தவ எப்படி இருக்கான்னு ஒரு தடவை திரும்பிப் பாத்தீங்களா?"

அவர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து பேங்கில் நடந்ததைச் சொன்னார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. கவுண்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றது, வரிசையில் ஆட்கள் பார்க்கும்போது தான் கத்தியது, அவள் பல்லைக் கடித்தது. மகள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மடித்து வைத்த பாவாடையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"எங்கிட்டயும் சொன்னா" என்றாள் கடைசியில். "ஃபோன்ல. வயித்தை வலிக்குதுடின்னா. பஸ்ஸை எடுக்கற நேரம். மாத்திரை ஒண்ணு போட்டுக்கோ, அப்புறம் பேசறேன்னு வச்சிட்டேன். அப்புறம் நானும் பேசல, அவளும் எடுக்கல அந்தப் பேச்சை."

இருவரும் கடையைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் தேற்றவில்லை.

வீடு மகள் பெயருக்கு மாறியது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது அவர் கையெழுத்தும் இரண்டு தடவை கோணி, இரண்டு தாள் வீணானது. எழுத்தர் முகம் சுளிக்காமல் புதுத் தாள் கொடுத்தார். அந்தப் பொறுமையைத் தாங்க முடியாமல் அவர் வெளியே வராந்தாவில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அதே நாளில் மகள் இன்னொரு பத்திரத்தைப் பதிவு செய்தாள். அவர் ஆயுசு முழுக்க மாடியில் குடியிருக்கலாம் என்று அதில் இருந்தது. அவர் வேண்டாம் என்று மறுத்தார்.

"நீங்க போயிட்டா வாடகைக்கு ஆள் புடிக்கணும், அவங்களோட மல்லுக்கட்டணும். எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல" என்றாள். குரலில் பாசம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. கோபமும் முன்போல் இல்லை.

கீழே கடையை ஒரு செருப்புத் தைக்கிறவருக்கு விட்டார்கள். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். ஒருமுறை மாடிப்படி ஏறி வந்தவள் தோளைத் தேய்த்துக்கொண்டே, "ரெண்டு வாரமா இழுக்குது" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

அவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

"ஸ்டீரிங் புடிச்சுப் புடிச்சு வர்ற வலி அங்கிள். ஒண்ணுமில்ல."

"இருக்கட்டும். போய்ட்டு வந்துடலாம்."

"ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர் இருப்பாரு?"

"யாராவது இருப்பாங்க" என்று அவர் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். முடிச்சு நழுவியது, மறுபடி கட்டினார். மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் கட்டி முடிக்கும்வரை வாசலில் காத்திருந்தாள்.