கழுவிய திராட்சை

பிள்ளைகளே, நான் இப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு ஒயின் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் நிற்கிறேன். எங்கள் கல்லூரித் தோட்டத்துத் திராட்சையை ஆராய்ச்சிக்காக ஐஸ் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறேன். கை படக்கூடாது என்றுதான் பேராசிரியர் சொல்லி அனுப்பினார். ஆனால் ஸ்டேஷனில் திறந்து பார்த்தேன். பழமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பெரிய இடத்துக்கு அழுக்கோடு கொடுப்பதா என்று குழாயடியில் கழுவிவிட்டேன். கழுவாமல் தின்னாதீர்கள் என்று உங்களை அதட்டுகிறவன் அல்லவா நான்.

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் கவரைப்பேட்டை ஸ்டெல்லா பெட்டியைத் திறக்கிறாள்.

“இன்னா நைனா, பழம் ஈரமா கீது?”

“வழியில மழைம்மா.”

வெளியே வெயில் கொளுத்துகிறது.

“தோல் மேல வெள்ளையா கீற பூச்சுல, ஒயின புளிக்க வெக்கிற ஈஸ்ட்டு கீது. அதத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. அதுவே பூட்ச்சி. இந்த அறுவடையில வேற பழமும் இல்லியாம். மழ உள்ள பூந்துச்சுன்னா பெட்டிய மூடினவரு சரியா மூடல. அவரு பேரு சொல்லு, எழுதணும்.”

மூடியவர் கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் பாண்டி. கயிறு போட்டு இரண்டு தரம் இறுக்கினார்.

“பாண்டி நல்லாத்தாம்மா மூடுனாரு. நாந்தான் கழுவுனேன்.”

“ஊட்டுக்கு எட்த்துனு போற பழம்னு நெனச்சிக்கினியா?” என்றபடி படிவத்தையும் பேனாவையும் என்னிடம் நீட்டுகிறாள்.

கழுவியவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அதற்குப் படிவத்தில் இடம் இருக்கிறது. மழை என்று சொன்ன பொய்யை எழுத அதில் இடமில்லை. அதை உங்களுக்கு எழுதுகிறேன்.